அறுபத்தொரு இடைவெளிகள்

புதன்கிழமை காலை ஒன்பதரை மணிக்குக் குன்னூரில் சசிதரனின் அலுவலகத் தொலைபேசி அடித்தது. பேசியவர் தனசிங், அரவேணுவில் அச்சுக்கோர்ப்பு நிலையம் நடத்துபவர். வழக்கமாக மழையையும் தேயிலை விலையையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார். அன்று சுற்றவில்லை.

"நாலு நாளைக்கு மாத்துத் துணி எடுத்துட்டு உடனே வாங்க சார். போன்ல வேற ஒண்ணும் கேக்காதீங்க," என்றார்.

சசிதரன் கேட்கவில்லை. கேட்காமலே பாதி புரிந்தது. மலைப்பயிர் வாரியம் வருடத்துக்கு ஒருமுறை எழுத்தர் தேர்வு நடத்தும். அதற்கான வினாத்தாளைக் கணினியில் கோர்ப்பது தனசிங்கின் நிலையம். கையெழுத்துப் பிரதி உள்ளே போன நாள் கதவு பூட்டப்பட்டால் தேர்வு முடிந்த பிறகுதான் திறக்கும். உள்ளே இருப்பவர்கள் அதுவரை உள்ளேதான். செல்பேசிகள் இரும்புப் பெட்டிக்குள் போய்விடும்; தனசிங்கின் மேசைத் தொலைபேசி மட்டும் இருக்கும். சோறு சுவரில் இருக்கும் சின்னச் சன்னல் வழியாக வரும். நடுவில் யாராவது உள்ளே போனால் அவரும் அடைபட வேண்டியதுதான். தேர்வு ஞாயிற்றுக்கிழமை.

அந்த நிலையத்துக்குக் கணினி முறையை அமைத்துக் கொடுத்தவரே சசிதரன்தான். பதினொரு வருடம் ஆகிறது. முதல் இரண்டு வருடம் அவரே உள்ளே உட்கார்ந்து வினாத்தாள் கோர்த்தார். பிறகு குன்னூரில் சொந்த அலுவலகம் போட்டுக்கொண்டார். இப்போது அதே வாரியம் தன் பயிற்சி நூல்களை எல்லாம் கோர்க்க அவரிடம் தரப் போவதாகச் சொல்லியிருந்தது. அந்த ஒரு வேலையை நம்பி அவருடைய அலுவலகத்தில் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஆகவே வாரியத்து வேலையில் சிக்கல் என்றால் அவரால் சும்மா இருக்க முடியாது. பையில் நாலு சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

நிலையம் ஒரு காலத்தில் பச்சை இலை எடை போடும் கொட்டகையாக இருந்தது. சுற்றிலும் தேயிலை, எட்டிப் பார்க்கப் பக்கத்தில் ஒரு வீடு கிடையாது. வாரியத்துக்கு அதனாலேயே அந்த இடம் பிடித்துப்போனது. காவலாளி வீரையா சசிதரனின் செல்பேசியை வாங்கிப் பெட்டியில் போட்டார், பையைக் கவிழ்த்துப் பார்த்தார், கதவைத் திறந்து உள்ளே விட்டார், பின்னால் பூட்டினார். பூட்டு விழுந்த சத்தம் பத்து வருடத்துக்கு முன்னால் சசிதரன் கேட்டது மாதிரியே இருந்தது.

உள்ளே சன்னல் கண்ணாடிகள் எல்லாவற்றிலும் பழுப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. பகலிலும் விளக்கு எரிந்தது. பதினொரு நாளாகக் காயாத துணிகள் கொடியில் தொங்கின. வெளியே எங்கேயோ காட்டெருமை ஒன்று புல்லைப் பிடுங்கித் தின்னும் சத்தம் சுவருக்கு அந்தப் பக்கம் தெளிவாகக் கேட்டது, பார்க்கத்தான் வழியில்லை.

தனசிங் சோற்றுச் சன்னலில் குனிந்து, "ராத்திரிக்கு மூணு சாப்பாடு போதும், வீரையா," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சசிதரன் மனதுக்குள் தலைகளை எண்ணினார். தனசிங், பிழை திருத்தும் தபித்தாள் டீச்சர், கணினியில் கோர்க்கும் ஜெபிஷா; மூன்று பேர். இப்போது தன்னோடு நான்கு. மூன்று சாப்பாடு போதும் என்றால் ராத்திரிக்குள் ஒருவர் இங்கே இருக்கப் போவதில்லை. பூட்டிய கதவு நடுவில் வெளியே போக யாருக்காகவும் திறக்காது, போலீஸுக்குத் தவிர.

"யாரை அனுப்பப் போறீங்க?" என்று மட்டும் கேட்டார்.

தனசிங் அறைக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். வினாத்தாளில் நூறு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் அ, ஆ, இ, ஈ என்று நாலு விடைகள். முந்தின நாள் சாயங்காலம் தபித்தாள் டீச்சர் கடைசிப் படியைத் திருத்தும்போது, சில விடைகள் மற்றவற்றைவிடக் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி நிற்பதைப் பார்த்தார். அரிசி மணியில் பாதி அளவு இடைவெளி. சாதாரணக் கண்ணுக்குத் தெரியாது. இரும்பு ஸ்கேலை நெடுக்காக வைத்தால்தான் தெரியும். ஸ்கேலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்ததில் அறுபத்தொரு கேள்விகளில் அப்படி ஒரு விடை தள்ளி நின்றது. அறுபத்தொன்றிலும் தள்ளி நின்றது, விடைக்குறிப்பின்படி சரியான விடை.

ஸ்கேலோடு தேர்வுக்குப் போகிறவனுக்கு அறுபத்தொரு மதிப்பெண் சும்மா கிடைக்கும். வேலை கிடைக்க ஐம்பத்தைந்து போதும்.

தனசிங் காலையில் எல்லாருடைய பெட்டியையும் சோதித்திருந்தார். ஜெபிஷாவின் வேதாகமத்துக்குள் ஒரு துண்டுக் காகிதம் இருந்தது. திங்கட்கிழமை வீட்டிலிருந்து வந்த சாப்பாட்டுக் கேரியரின் அடித்தட்டில் அவளுடைய அம்மா வைத்து அனுப்பியது. 'ஞாயிற்றுக்கிழமை பெனிசுக்கு எழுத்தர் பரீட்சை. உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றான். ஜெபம் பண்ணிக்கொள்.' பெனிஸ் அவளுடைய தம்பி.

"சொந்தக்காரங்க யாரும் எழுதலைன்னு கையெழுத்துப் போட்டுத்தான் உள்ள வந்தா. காகிதம் வந்து ரெண்டு நாளாச்சு, மூச்சு விடலை. கணினியைத் தொடறவ அவ ஒருத்திதான். வாரியத்து மேடம் சாயங்காலம் ஆறு மணிக்குப் போன் பண்ணுவாங்க. நான் சொல்லித்தானே ஆகணும்? சொல்றதுக்கு முன்னாடி எப்படிப் பண்ணினான்னு மட்டும் நீங்க கண்டுபிடிச்சுக் குடுங்க."

எப்படி என்பதைத்தான் கேட்டார். யார் என்பதைக் கேட்கவில்லை. அதை அவர் ஏற்கெனவே முடிவு செய்திருந்தார். கெட்ட மனிதர் என்று அவரைச் சொல்ல முடியாது. தேவாலயச் சபையில் மூப்பர், யார் வீட்டுச் சாவுக்கும் முதல் ஆளாகப் போய் நிற்பவர். ஆனால் பயம் வந்துவிட்டால் நல்ல மனிதரும் கிடைத்தவர் கழுத்தைப் பிடித்துக்கொள்வார்.

ஜெபிஷா அணைத்து வைத்த கணினிக்கு முன்னால் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இருபத்தாறு வயது. கேத்தியிலிருந்து மூன்று வருடமாக இங்கே வேலைக்கு வருகிறாள். சசிதரன் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்ததும் அவளே சொன்னாள்.

"அந்த இடைவெளியை நான் வைக்கலீங்க. எப்படி வந்துச்சுன்னும் தெரியலீங்க. தம்பி எழுதறது தெரிஞ்சும் சொல்லாம இருந்தது நெசந்தானுங்க. சொன்னா அவனை எழுத விட மாட்டாங்கன்னு பயந்துட்டேன். ரெண்டு வாட்டி தோத்துட்டு இந்த வாட்டி எங்கிட்டக் கூடச் சொல்லாமப் படிச்சிருக்கான்."

அழுது முடித்தவர்களின் குரல் அது. சசிதரனுக்கு அதைக் கேட்கக் கஷ்டமாக இருந்தது. எழுந்து தபித்தாள் டீச்சரின் மேசைக்குப் போனார்.

டீச்சருக்கு அறுபத்திரண்டு வயது. முப்பது வருடம் பிள்ளைகளின் தப்புகளைச் சிவப்பு மையில் சுழித்தவர். ஓய்வு பெற்றபின் சுழிக்க ஏதும் கிடைக்காமல் கை அரித்துத்தான் வருடத்துக்கு ஒருமுறை இந்தச் சிறைக்குத் தானாக வந்து அடைபடுகிறார் என்று ஊரில் கேலி செய்வார்கள். துப்பறிய ஒரு துணை வேண்டும் என்று சசிதரன் கேட்கவே இல்லை. கேட்டதாக எடுத்துக்கொண்டு டீச்சர் நோட்டுப் புத்தகத்தோடு தயாராக இருந்தார். அறுபத்தொரு கேள்வி எண்களையும் வரிசையாக எழுதி, கூட்டி, கழித்து, வேதாகமத்துச் சங்கீதங்களின் எண்களோடு ஒப்பிட்டு, தேதிகளோடு ஒப்பிட்டு நாலு பக்கம் நிரப்பியிருந்தார்.

"இதுல ஏதோ சங்கேதம் இருக்கு தம்பி. நாப்பத்தேழு வருது, நாப்பத்தெட்டு வருது, நாப்பத்தொம்போது வரலை. ஏன் வரலை? பாவம், அந்தப் பொண்ணு அப்படிப் பண்றவ இல்லை. ஆனா யாரோ பண்ணியிருக்காங்க."

"வந்ததை விடுங்க டீச்சர். வராத முப்பத்தொம்பதையும் பாருங்க. அதுக்கெல்லாம் பொதுவா என்ன இருக்கு?"

டீச்சர் மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு புரட்டினார். இடைவெளி இல்லாத முப்பத்தொன்பதிலும் விடைகள் நீளமானவை; அ, ஆ, இ, ஈ என்று ஒன்றன்கீழ் ஒன்றாகத் தனித்தனி வரியில் நின்றன. இடைவெளி உள்ள அறுபத்தொன்றும் குட்டி விடைகள். நாலும் ஒரே வரியில் பக்கம் பக்கமாக நின்றன. ஒன்றுகூடத் தப்பவில்லை. டீச்சர் நாலு பக்கத்தையும் ஒரே கோட்டில் அடித்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திறந்தார்.

சசிதரன் தனசிங்கிடம் போய், விடைகளை ஒரே வரியில் அடுக்கும் வழக்கம் எப்போதிலிருந்து என்று கேட்டார். இந்த வருடம்தான் என்றார் அவர். எப்போதும் எல்லா விடையும் ஒன்றன்கீழ் ஒன்றாகத்தான் வரும். இந்தத் தடவை வாரியம் பதினாறு பக்கத்தைப் பன்னிரண்டாகக் குறைக்கச் சொன்னதால், குட்டி விடைகளை ஒரே வரியில் போடும்படி அவர்தான் ஜெபிஷாவிடம் சொல்லியிருக்கிறார்.

அடுத்துக் கையெழுத்துப் பிரதியை வாங்கிப் பார்த்தார். நாற்பத்தேழாவது கேள்வி ஒரு கணக்கு. இருநூற்று நாற்பது கிலோ பச்சை இலையில் பதினைந்து சதவீதம் எவ்வளவு? விடைகள் 34, 36, 38, 40. கேள்வி தயாரித்தவர் சரியான விடை என்று 38-ஐக் குறித்திருந்தார். ஓரத்தில் பென்சிலில், '36 வருதுங்க. பார்க்கவும்,' என்று ஜெபிஷாவின் கையெழுத்து. அதன் கீழே சிவப்பு மையில் தனசிங்கின் பதில்: 'உள்ளபடி அடிக்கவும்.' கோர்ப்பவர்கள் கேள்வியில் கை வைக்கக் கூடாது என்பது வாரியத்தின் விதி. டீச்சர் ஸ்கேலை வைத்துக் காட்டினார். இடைவெளி 38-க்கு முன்னால் இருந்தது.

"கணக்குல புலிதான் இந்தப் பொண்ணு," என்றார் டீச்சர் பெருமையாக. சசிதரன் தலையாட்டிவிட்டுக் கணினியைத் திறந்தார்.

அந்த நிலையத்தில் வினாத்தாள் கோர்ப்பது லேடெக் என்ற மென்பொருளில். அதில் மேக்ரோ என்று ஒன்று உண்டு. ஒரு சின்னச் சொல்லை அடித்தால் பின்னாலிருந்து பத்து வேலைகளைச் செய்து முடிக்கும் கட்டளை. சரியான விடைக்கு முன்னால் 'சரி' என்ற மேக்ரோவைப் போடுவார்கள். வினாத்தாளில் அது எதையும் காட்டாது. ஆனால் விடைக்குறிப்பைத் தனியாக அச்சடிக்கும்போது எல்லாச் சரியான விடைகளையும் தானே பொறுக்கிக் கொண்டுவந்து கொடுக்கும். முன்பெல்லாம் விடைக்குறிப்பைத் தனியாகத் தட்டி, அதில் வேறு தப்பு வந்து, பெரிய ரகளை ஆகும். இந்த ஒரு மேக்ரோ வந்தபின் அந்தத் தொல்லையே இல்லை.

மேக்ரோக்கள் எல்லாம் ஒரே கோப்பில் இருந்தன. தலைப்பில் 'திருத்தம்: டெனின்' என்றும், நாலு வருடத்துக்கு முந்தின தேதியும் இருந்தன. டெனின் இங்கே வேலை பார்த்துவிட்டு, தனசிங்கோடு சண்டை போட்டுக்கொண்டு பெங்களூருக்குப் போனவன். சசிதரன் கோப்பைக் கீழே நகர்த்தினார். ஓரிடத்தில் அவர் கண் நின்றது. கொஞ்ச நேரம் நின்றது. பிறகு கணினியை மூடிவிட்டு எழுந்தார்.

மூன்று மணிக்கு அவர் பின்னறையில் உள்ள அலமாரிக்குத் தனியாகப் போனார். ஒவ்வொரு வருடத்து அச்சான வினாத்தாளிலும் ஒரு பிரதி அங்கே இருக்கும். அரை மணி கழித்து வந்தபோது கக்கத்தில் வாரியத்தின் விதிப் புத்தகம் இருந்தது. சட்டைப் பையில் மடித்த காகிதம் ஒன்றும் இருந்தது. வீரையா சன்னல் வழியாகத் தந்த டீயை வாங்கி மேசையில் வைத்தார்; குடிக்கவில்லை. டீ ஆறி ஆடை கட்டியது. டீயை ஆறவிட்ட சசிதரனை டீச்சர் அதற்கு முன் பார்த்ததில்லை.

"கண்டுபிடிச்சிட்டீங்களா தம்பி?" என்று கேட்டார்.

"ஆமாங்க டீச்சர்."

"அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

கோத்தகிரிப் பஸ் வளைவில் ஆரன் அடித்துப் போனது. சசிதரன் காகிதம் ஒட்டிய சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே வந்து ஆறு மணி நேரம்கூட ஆகவில்லை. ஆனால் பதினொரு நாளாக அடைபட்டிருப்பவர்களைவிட அவருக்குத்தான் மூச்சு முட்டியது.

ஐந்தரை மணிக்கு மூவரையும் தனசிங்கின் அறைக்கு வரச் சொன்னார். மேசைமேல் தொலைபேசி இருந்தது. ஜெபிஷா சுவரோரமாக நின்றாள். உட்காரச் சொன்ன பிறகும் உட்காரவில்லை.

சசிதரன் நாற்பத்தேழாவது கேள்வியிலிருந்து தொடங்கினார். இந்தக் கணக்குக்கு விடை 36 என்று ஜெபிஷாவுக்குத் தெரியும். பென்சிலில் எழுதியே வைத்திருக்கிறாள். தம்பிக்காக அடையாளம் வைப்பவள் அதை 36-க்கு முன்னால் வைப்பாளா, 38-க்கு முன்னால் வைப்பாளா? இடைவெளி அவளுடைய அறிவைப் பின்பற்றவில்லை. 'சரி' என்ற மேக்ரோ எங்கே இருக்கிறதோ, அதைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றியிருக்கிறது.

"மேக்ரோவுக்குள்ளயே வச்சிருக்கலாமே? அப்ப எல்லாத்துக்கும் மொத்தமா வந்துரும்," என்றார் தனசிங்.

"வைக்கலாம். ஆனா அப்படி வச்சவ நூறுக்கும் வர்ற மாதிரி வச்சிருப்பா. முப்பத்தொம்பதை ஏன் விட்டா?"

பிறகு விளக்கினார். இந்த மென்பொருளில் கட்டளை எழுதும்போது ஒரு வரி முடிந்து அடுத்த வரிக்குப் போனால், அந்த வரி முடிவையே அது ஓர் இடைவெளியாக எடுத்துக்கொள்ளும். வேண்டாம் என்றால் வரியின் கடைசியில் ஒரு சதவீதக் குறி போட வேண்டும். அந்தக் குறியைப் பார்த்தால் பேசாமல் அடுத்த வரிக்குப் போய்விடும். 'சரி' மேக்ரோவில் ஐந்து வரிகள். நாலு வரிகளின் கடைசியில் குறி இருக்கிறது. மூன்றாம் வரியின் கடைசியில், அடைப்புக்குறிக்குப் பிறகு, இல்லை. அவ்வளவுதான். யாரும் இடைவெளி வைக்கவில்லை. ஒருவர் ஒரு குறியைப் போட மறந்திருக்கிறார்.

"அப்ப முப்பத்தொம்பதுக்கு ஏன் வரலை?" டீச்சரால் பொறுக்க முடியவில்லை. அதற்குள் அவரே கையைத் தூக்கினார். "இருங்க, இருங்க. அதெல்லாம் புது வரியில ஆரம்பிக்குது."

"அதேதான். புது வரி ஆரம்பத்துல வர்ற இடைவெளியை மென்பொருள் தூக்கி எறிஞ்சிடும். விடைங்க ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா இருந்தவரைக்கும் இந்தத் தப்பு கண்ணுல படவே இல்லை. இந்த வருசம் பக்கத்தைக் குறைக்க நாலையும் கட்டம் கட்டமா ஒரே வரியில போட்டீங்க, கட்டத்துக்குள்ள மென்பொருள் எதையும் எறியாது. உடனே அறுபத்தொண்ணும் வெளிய வந்துருச்சு."

தனசிங் நாற்காலியில் சாய்ந்தார். முந்தின நாள் சாயங்காலத்துக்குப் பிறகு முதல்முறையாக அவர் முகத்தில் ரத்தம் ஓடியது.

"டெனின்," என்றார். "அவன் பேருதானே அதுல இருக்கு. எனக்கு அப்பவே தெரியுமுங்க, அவன் வேலை சுத்தமில்லை. அவன் பேரையே மேடத்துக்கிட்டச் சொல்லிடலாம். அவன் எங்கேயோ பெங்களூருல இருக்கான். யாருக்கும் நட்டமில்லை."

இந்த வாக்கியத்துக்காகத்தான் சசிதரன் மூன்றரை மணியிலிருந்து பயந்துகொண்டிருந்தார். அது எவ்வளவு வசதியான வாக்கியம் என்று அவருக்குத் தெரியும். இந்தக் கட்டடத்தில் அந்தக் கோப்பைப் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். சும்மா தலையாட்டினால் போதும். ஜெபிஷா தப்பிப்பாள், தனசிங் தப்பிப்பார், பயிற்சி நூல்கள் வரும், ஆறு பேருக்கும் வேலை இருக்கும். பையில் இருந்த காகிதத்தை மட்டும் அலமாரிக்குப் பின்னால் தள்ளிவிட்டால் போதும்.

அவர் அதை எடுத்து மேசைமேல் விரித்தார். பத்து வருடத்துக்கு முந்தின வினாத்தாளின் கடைசிப் பக்கம். எல்லா விடைகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன, நூறாவது கேள்வியைத் தவிர. பக்கத்தின் அடியில் இரண்டு வரிக்குத்தான் இடம் மிச்சம் இருந்ததால் அந்த ஒன்றை மட்டும் யாரோ ஒரே வரியில் அடுக்கியிருந்தார்கள்.

"ஸ்கேலை வைங்க டீச்சர்."

டீச்சர் வைத்தார். 'ஆ' அரிசி மணியில் பாதி அளவு தள்ளி நின்றது.

"டெனின் வேலைக்கு வந்தது எப்போ?"

"அஞ்சு வருசம் முன்னாடி. இது பத்து வருசத்துக்கு முந்தினது. அப்ப அவன் பள்ளிக்கூடத்துப் பையன். ஜெபிஷாவும் இல்லை. அப்ப இங்க உக்காந்து கோர்த்தது…" உற்சாகமாகப் போய்க்கொண்டிருந்த டீச்சரின் குரல் நின்றது. ஸ்கேலை மெதுவாகக் கீழே வைத்தார். துப்பறியும் ஆசை அந்த நிமிடம் அவரை விட்டுப் போய்விட்டது.

"சொல்லுங்க டீச்சர்."

"நீங்கதானே தம்பி," என்றார் அவர்.

"நாந்தான். மேக்ரோ எழுதினதும் நான், இந்தக் கடைசிக் கேள்வியை ஒரே வரியில அடுக்கினதும் நான். டெனின் தலைப்புல இருக்கற பேரையும் ரெண்டு எழுத்துருவையும்தான் மாத்தியிருக்கான். அந்த மூணாவது வரி நான் எழுதி வச்ச மாதிரியே இருக்குது."

அந்த மேக்ரோவைப் பற்றி அவர் குன்னூரில் எத்தனை பேரிடம் பெருமை பேசியிருப்பார் என்று கணக்கே இல்லை. வெட்கத்தில் அவருக்குக் காது சுட்டது. தலையைக் குனியாமல் தனசிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தனசிங் விரித்த காகிதத்தை மறுபடி மடித்தார். பிறகு, "வாரியத்துல இதைச் சொன்னா உங்களுக்குப் புத்தக வேலை வராதுங்க," என்றார்.

"வராது."

"சரி, இடைவெளி அவ வைக்கலை. ஒத்துக்கறேன். ஆனா காகிதம்? ரெண்டு நாள் மறைச்சாளே. அதை நான் சொல்லாம இருந்தா நாளைக்கு என் லைசென்ஸ் போயிரும்."

சசிதரன் விதிப் புத்தகத்தைத் திறந்து பதினான்காம் விதியை அவர் பக்கம் திருப்பி வைத்தார். உள்ளே இருப்பவரின் உறவினர் தேர்வு எழுதுவது பின்னால் தெரியவந்தால், வினாத்தாள் அச்சகத்துக்குப் போகும் முன் உள்ளே இருப்பவர் தானாகச் சொல்ல வேண்டும். சொன்னால் அந்த உறவினரின் மையத்துக்கு வேறு இடத்தில் கோர்த்த மாற்று வினாத்தாள் போகும். அவர் தேர்வு எழுதலாம். தானாகச் சொல்லாமல் வேறொருவர் சொல்லித் தெரிந்தால் இருவர் மேலும் வழக்கு. வினாத்தாள் அச்சகத்துக்குப் போவது வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு.

ஜெபிஷா சுவரிலிருந்து ஓர் அடி முன்னால் வந்தாள். "அப்படி விதி இருக்குதுங்களா?" என்றாள். இரண்டு நாளாக இரவெல்லாம் விழித்திருந்ததற்கு அவசியமே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அந்தப் புத்தகம் அலமாரியில் பழைய வினாத்தாள்களுக்கு அடியில் கிடந்தது. கையெழுத்து வாங்கிய யாரும் அதை அவளுக்குப் படித்துக் காட்டவில்லை. தனசிங் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

"யாரு மொதல்ல சொல்றாங்கங்கறதுதான் கேள்வி," என்றார் சசிதரன். "நீங்க சொன்னா அவ திருடி. அவ சொன்னா விதிப்படி நடந்தவ. விஷயம் ஒண்ணேதான். பத்து வருசம் என் தப்பு எனக்கே தெரியாம இருந்துச்சு. அவ ரெண்டு நாள் பயந்துட்டு இருந்தா. இதுல எதை நீங்க பெருசுன்னு நினைக்கறீங்க?"

ஆறு மணிக்குத் தொலைபேசி அடித்தது.

தனசிங் கையை அதன்மேல் வைத்தார், எடுக்கவில்லை. இரண்டாம் மணி அடித்தது. மூன்றாம் மணி. பதினொரு வருடமாக அந்த ஆறு மணி அழைப்புக்கு அவரைத் தவிர வேறு யாரும் பதில் சொன்னதில்லை. நாலாவது மணியில் ரிசீவரை எடுத்தார். "ஸ்தோத்திரம் மேடம், தனசிங் பேசறேன். எங்க ஜெபிஷா உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம்," என்று சொல்லி அவளிடம் நீட்டினார்.

அவள் குரல் நடுங்கவில்லை. தம்பியின் பெயரைச் சொன்னாள், காகிதம் வந்த நாளைச் சொன்னாள், இரண்டு நாள் சொல்லாமல் இருந்ததையும் சொன்னாள். அந்தப் பக்கம் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு, தேர்வு மையத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் அவளுக்குக் கண்ணீர் வந்தது. மாற்று வினாத்தாள் போகும், பெனிஸ் எழுதலாம், தாமதத்துக்கு மட்டும் விளக்கம் எழுதித் தர வேண்டும் என்று மேடம் சொன்னார்களாம்.

அடுத்துச் சசிதரன் வாங்கிப் பேசினார். மேக்ரோவைப் பற்றியும் மூன்றாம் வரியைப் பற்றியும் தன் பெயரைப் பற்றியும் ஐந்து நிமிடம் சொன்னார். கேட்டுக்கொண்ட மேடம் கடைசியில் என்ன சொன்னார்கள் என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ரிசீவரை வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்து டீச்சருக்குப் புரிந்தது. டீச்சர் அவருக்குப் புது டீ போடச் சொல்லி வீரையாவைக் கூப்பிட்டார்.

கணினியைத் திறந்து மூன்றாம் வரிக்குப் போனார் சசிதரன். விரலை விசைமேல் வைத்தவர், என்ன நினைத்தாரோ, எழுந்து நாற்காலியை ஜெபிஷாவுக்கு விட்டார்.

"நீயே போடும்மா."

அவள் அடைப்புக்குறிக்குப் பக்கத்தில் ஒரு சதவீதக் குறியைத் தட்டினாள். வினாத்தாளை மறுபடி ஓட்டினாள். திரையில் பக்கங்கள் வந்தன. டீச்சர் திரைமேலேயே ஸ்கேலை வைத்து ஒன்று முதல் நூறுவரை பார்த்தார். அறுபத்தொரு விடைகளும் தங்கள் இடத்துக்குத் திரும்பியிருந்தன.

சோற்றுச் சன்னலைத் திறந்து வீரையா உள்ளே பார்த்தார். மூட்டமும் ஈரக்காற்றும் அவரோடு சேர்ந்து உள்ளே வந்தன. "சாப்பாடு மூணுதானுங்களே?" என்று கேட்டார்.

தனசிங் திரும்பி, கணினிக்கு முன்னால் இருந்த ஜெபிஷாவைப் பார்த்தார். சசிதரனின் பையிலிருந்த நாலு சட்டைகளையும் பார்த்தார்.

"நாலு," என்றார். "ஞாயித்துக்கிழமை வரைக்கும் நாலு."